கை மரத்துப்போகிறதா? முதலில் காலைப் பாருங்கள்: மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் வாசகிக்கு ஒரு பதில்

கொல்லிமலையில் கொஞ்சம் மிளகும் காப்பியும் வைத்திருக்கும் வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். வயது 43. உயரம் 5 அடி 1 அங்குலம். இரண்டு வருடங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கி, அடிவாரத்து வீட்டிலிருந்து வாரத்தில் நான்கு நாள் தானே ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வருகிறார். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். தார் முடிந்த பிறகு தோட்டம் வரை கல்லும் பள்ளமுமான மண்பாதை. (அவரை அடையாளம் காட்டும் மற்ற விவரங்களை விட்டுவிட்டேன். பாதையை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பதிலில் பாதி அதைப் பற்றியதுதான்.)

சீட்டை முழுக்க முன்னால் தள்ளினால்தான் அவருக்கு கிளட்ச் கடைசி வரை அமுங்குகிறது. அப்படித் தள்ளினால் ஸ்டியரிங் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதனால் முதுகுச் சாய்வைப் பின்னால் சரித்துக்கொண்டு, முதுகுக்கு ஒரு தலையணையும் உட்கார ஒரு குஷனும் வைத்திருக்கிறார். "கை தொங்கிக்கொண்டே இருக்கிறது" என்று சொன்னதால், மகன் ஆன்லைனில் ஒரு ஆர்ம்ரெஸ்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் வைத்து ஸ்ட்ராப் போட்டுக் கட்டும் வகை. முதல் சில வாரங்கள் சொர்க்கம் என்கிறார். அப்புறம் இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. இப்போது இரவில் அந்த மரப்பினால் தூக்கம் கலைகிறது. வலது தோளிலும் இறுக்கமான வலி.

அவருடைய கேள்விகள் நான்கு. இடது கை மரத்துப்போவது இதயக் கோளாறா? (இ.சி.ஜி. எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனாலும் பயம் போகவில்லை.) இன்னும் உயரமான, இன்னும் மெத்தென்ற ஆர்ம்ரெஸ்ட் வாங்கினால் சரியாகுமா? மெக்கானிக் ஒருவர் சீட் ரெயிலை அறுத்து, வெல்டிங் வைத்து 3 அங்குலம் உயர்த்தித் தருகிறேன் என்கிறாரே, செய்யலாமா? கணவர் சொல்வதுபோல இதை விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கிவிடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

இயன்முறை மருத்துவராக நான் பார்ப்பவர்களில் வண்டி ஓட்டியே கையையும் இடுப்பையும் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலானவர்கள் உங்களைப்போலவே வலிக்கிற இடத்துக்கு ஒரு பொருள் வாங்கி வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். கை வலித்தால் கைக்கு ஒன்று, முதுகு வலித்தால் முதுகுக்கு ஒன்று. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கையைவிட உங்கள் இடது கால்தான் கண்ணில் பட்டது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் இதயத்தைப் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடுவோம்.

இதயமா, நரம்பா?

நீங்கள் சொல்லும் அறிகுறி நரம்பு அழுத்தத்துக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது. குறிப்பாக இரண்டே விரல்கள், முழங்கையை ஊன்றினாலோ மடக்கினாலோ அதிகமாகிறது, கையை நீட்டி உதறினால் குறைகிறது. இதயத்திலிருந்து வரும் கைவலி பொதுவாக இப்படி இரண்டு விரல்களில் மட்டும் மரப்பாக வராது, முழங்கையை நீட்டியதும் போகாது. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், காரணமில்லாத கடும் அசதி என்று ஏதாவது வந்தால், "ஏற்கெனவே இ.சி.ஜி. எடுத்தாயிற்றே" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒருநாள் எடுத்த இ.சி.ஜி. அந்த நேரத்து நிலையைத்தான் காட்டும். அந்த மாதிரி நேரத்தில் வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு கீழே இறங்கவும் கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள்.

அந்த இரண்டு விரல்கள்

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுர்ரென்று கரண்ட் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரை ஓடுமே, அது அல்நார் நரம்பு. முழங்கையின் உள்பக்க எலும்புப் புடைப்புக்குப் பின்னால், தோலுக்கு மிக அருகில், ஒரு குறுகிய பள்ளத்தின் வழியாக அது கீழே இறங்குகிறது. அந்த இடத்தில் அதற்குப் பாதுகாப்பாகச் சதையோ கொழுப்போ பெரிதாக இல்லை. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி தருவது அதுதான். முழங்கையை மடக்க மடக்க நரம்பு இழுபட்டு, அந்தப் பள்ளமும் நெருக்கமாகும். மடக்கிய நிலையிலேயே முனையை எதன் மீதாவது ஊன்றினால் இரண்டு பக்கமும் அடி.

உங்கள் வண்டியில் நடப்பது இதுதான். கன்சோல், அதாவது இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் உள்ள பெட்டிப் பகுதி, ஓரிடத்தில் நிற்கிறது, சீட் மட்டும் முன்னால் போய்விட்டது. சராசரி உயரமுள்ள ஆணுக்கு முன்கை முழுக்கப் படுக்கும் ஆர்ம்ரெஸ்ட், உங்களுக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. அதன் முன்விளிம்பு மட்டும்தான் உங்கள் முழங்கை முனைக்குக் கிடைக்கிறது. கியர் மேல் கையை வைத்திருக்கும்போது அந்த விளிம்பில்தான் நரம்பு உட்கார்ந்திருக்கிறது. மண்பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது ஒரு இடி வாங்குகிறது.

இதே விரல்களில் மரப்பு கழுத்தெலும்புப் பகுதியில் நரம்பு அழுந்தினாலும் வரலாம். கழுத்தைத் திருப்பும்போது மரப்பு கூடினால் அதைச் சந்தேகிக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தால் அது வேறு நரம்பு, பெரும்பாலும் மணிக்கட்டில் பிரச்சினை. அதனால் ஒருமுறை எலும்பு மருத்துவரிடமோ நரம்பு மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனை, அதாவது என்.சி.எஸ். டெஸ்ட் எடுத்தால் எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். சர்க்கரை, தைராய்டு, பி12 ஆகியவற்றையும் கூடவே பார்த்துக்கொள்வது நல்லது. இவற்றில் கோளாறு இருந்தால் நரம்பு சின்ன அழுத்தத்தையும் தாங்காது.

இரவில் மரப்பு வந்து எழுப்புகிற அளவுக்குப் போயிருப்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன். பிடி தளர்ந்து பாத்திரம் நழுவுவது, விரல்களை அகல விரிக்க முடியாமல் போவது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை குழிவது, மரப்பு நாள் முழுக்க விடாமல் இருப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த வாரமே போங்கள். தசை மெலிந்த பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் முழு பலம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆரம்பத்திலேயே அழுத்தத்தை எடுத்துவிட்டால் பலருக்கு ஊசி, கத்தி எதுவும் இல்லாமலே தணிந்துவிடும்.

அதுவரை இரவில் ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகச் சுருட்டிக் கட்டிக்கொண்டு தூங்குங்கள். முழங்கை முழுக்க மடங்காமல் இருந்தால் போதும். கையைத் தலைக்கு அடியில் மடக்கி வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். போனைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசுவதும் இதே வேலையைத்தான் செய்யும்.

கால் எங்கே வந்தது?

இப்போது கால். கிளட்சை மிதிக்காத நேரத்தில் உங்கள் இடது பாதம் எங்கே இருக்கிறது? கடிதத்தில் "கிளட்ச் மேலேயே லேசாக வைத்திருப்பேன், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறதே" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது.

வளைவில் வண்டி திரும்பும்போது உடம்பு எதிர்ப்பக்கம் தள்ளப்படும். வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம் சாய்வோம். அதைத் தாங்க வேண்டியது தரையில் ஊன்றிய இடது பாதமும், சீட்டோடு ஒட்டிய தொடையும் இடுப்பும். உங்கள் பாதம் அந்தரத்தில் இருக்கிறது. முதுகுச் சாய்வு சரிந்திருப்பதால் இடுப்பு முன்னால் வழுக்குகிறது. அடியில் உள்ள குஷனும் நகர்கிறது. ஆக உடம்பைத் தாங்க மிச்சமிருப்பது இடது முழங்கை மட்டும்தான். வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் உங்கள் எடையில் ஒரு பங்கை அந்த முழங்கை முனைதான் தாங்குகிறது. இந்த நிலையில் எவ்வளவு விலை கொடுத்து ஆர்ம்ரெஸ்ட் வாங்கினாலும் ஊன்றும் பழக்கம் போகாது. மெத்தென்று இருந்தால் இன்னும் அதிகமாக ஊன்றுவீர்கள், அவ்வளவுதான்.

வலது தோள்வலிக்கும் இதே கதைதான். இடது கை ஊன்றிக்கொண்டிருப்பதால் ஸ்டியரிங்கை வலது கை ஒன்றே சுழற்றுகிறது. ஓய்வுக்கு அந்த முழங்கையைக் கண்ணாடி இறக்கிய ஜன்னல் விளிம்பில் வைக்கிறீர்கள். ஜீப் வகை வண்டிகளில் அந்த விளிம்பு உயரம். உயரம் குறைந்தவர் அதில் கை வைத்தால் தோள் காதை நோக்கி ஏறும். அரை மணி நேரம் தோளைத் தூக்கியே வைத்திருந்தால் யாருக்கும் வலிக்கும்.

உட்காரும் முறை: பாதத்திலிருந்து மேலே

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி சமதளத்தில் நிற்கும்போது, இன்ஜினை அணைத்துவிட்டு நிதானமாகச் செய்யுங்கள். தலையணை, குஷன், ஆர்ம்ரெஸ்ட் மூன்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். வரிசை முக்கியம். பலர் ஸ்டியரிங்கில் ஆரம்பித்துக் காலுக்கு வருகிறார்கள், அது தலைகீழ்.

முதலில் செருப்பு. தளர்ந்த ரப்பர் செருப்போடு மலை ஓட்டாதீர்கள். குதிகாலில் ஓர் அங்குலம் வரை கெட்டியான அடி உள்ள, பின்பக்கம் கழலாத காலணி போடுங்கள். உங்கள் உயரத்துக்கு அந்த ஓர் அங்குலம் பெரிய உதவி. குதிகால் தரையில் நிற்கும், பாதத்தின் முன்பகுதி பெடலுக்கு எட்டும். பெடலின் மேல் மாட்டும் நீட்டிப்புத் துண்டுகளைக் கடையில் காட்டுவார்கள், கழன்று பிரேக்குக்கு அடியில் போகக்கூடிய எதையும் தொடாதீர்கள்.

அடுத்து, இடுப்பு சீட்டின் பின்மூலை வரை போகும்படி உட்காருங்கள். கிளட்சைத் தரை வரை மிதியுங்கள். அந்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் எட்டிப்போனால் சீட் இன்னும் தூரம் என்று பொருள்.

உயரத்துக்கு வருவோம். செகண்ட் ஹேண்ட் வண்டி என்கிறீர்கள். பழைய சீட்டில் அடிப்பஞ்சு உட்கார்ந்துபோயிருக்கும், அதுவும் பின்பக்கம்தான் அதிகம் அமுங்கியிருக்கும். அதனால்தான் உங்களுக்குப் பள்ளத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, மேலே குஷன் போடத் தோன்றுகிறது. தனியாக ஒரு குஷன் போடுவதில் இரண்டு ஆபத்து. பிரேக் அடித்தால் அது வழுக்கும். சீட் பெல்ட்டின் இடுப்புப் பட்டையும் இடுப்பெலும்பின் மேல் நிற்காமல் வயிற்றுக்கு ஏறிவிடும், மோதலில் அது வயிற்று உறுப்புகளைக் காயப்படுத்தக்கூடும். அதற்குப் பதில் நல்ல குஷன் கடையில் சீட்டின் உறையைப் பிரித்து, அடியில் கெட்டியான ஃபோமும் மேலே கொஞ்சம் மென்மையான ஃபோமும் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் உயரம் இதிலேயே கிடைத்துவிடும். நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் வரை தையலை முடிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் குறி போட்ட துணித்துண்டு இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கை வைக்கவே கூடாது, சர்வீஸ் சென்டரில் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

முதுகுச் சாய்வை நிமிர்த்துங்கள். உட்காரும் பகுதிக்கும் சாய்வுக்கும் நடுவில் 100 முதல் 110 டிகிரி என்றால், கிட்டத்தட்ட நேராக, கொஞ்சம் மட்டும் பின்னால். சரித்துக்கொண்டால்தான் ஓய்வு என்று நீங்கள் நினைப்பது தொலைக்காட்சி பார்க்கச் சரி. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சரிந்தால் கழுத்தும் தோளும் முன்னால் எக்கும். சரியா என்று பார்க்க, தோள்பட்டை இரண்டும் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டி மணிக்கட்டை ஸ்டியரிங்கின் உச்சியில் வையுங்கள். மணிக்கட்டு அங்கே தானாக உட்கார்ந்தால் தூரம் சரி.

"நிமிர்த்தினால் ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்குமே" என்பீர்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங் நடுவிலிருந்து நெஞ்செலும்புக்கு 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். டேப் வைத்து அளந்து பாருங்கள். சீட் உயர்ந்து, முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணை போனதும் நீங்கள் நினைத்ததைவிட இடம் கிடைக்கும். அந்தத் தலையணைதான் உங்களை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. இடுப்புக் குழிவுக்குத் தாங்கல் வேண்டுமென்றால் கைத்துண்டை இரண்டாக மடித்த பருமன் போதும். ஸ்டியரிங்கை மேலே கீழே சாய்க்கும் லீவர் இருந்தால், நடுப்பகுதி உங்கள் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி இறக்குங்கள்.

கடைசியாக இடது பாதத்துக்கு ஒரு இடம். கிளட்சுக்கு இடப்பக்கம் பாதம் வைக்க டெட் பெடல் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டியில் இல்லையென்றால், உங்கள் மாடலுக்கென்றே வரும், தரையில் போல்ட் போட்டு இறுக்கும் டெட் பெடலைப் பொருத்தச் சொல்லுங்கள். கிளட்ச் முழுக்கப் போய்வர அதில் உரசக் கூடாது. ஆர்ம்ரெஸ்ட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழியுங்கள். ஒவ்வொரு கியர் மாற்றலுக்குப் பிறகும் பாதம் அங்கே போய்விட வேண்டும். பழகச் சில வாரம் ஆகும். கிளட்ச் தகடும் கொஞ்சம் நாள் கூட உழைக்கும், உங்கள் மெக்கானிக்குக்குத்தான் வருத்தம்.

ஆர்ம்ரெஸ்ட் வேண்டுமா?

வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இப்போது இருப்பது வேண்டாம். ஸ்ட்ராப் போட்டுக் கட்டும் வகை, குலுங்கும் பாதையில் கழன்று காலடிக்கு வரக்கூடியது. கன்சோலில் திருகு வைத்து இறுக்குவது அல்லது சீட்டின் பக்கவாட்டிலேயே பொருத்துவது நல்லது. உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும், சீட் முன்னால் வரும்போது அதுவும் கூட வரும். முன்னும் பின்னும் நகரும் மூடி உள்ள கன்சோல் பெட்டியும் பரவாயில்லை.

உயரத்தை விளம்பரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே சொன்னபடி உட்கார்ந்து, தோளைத் தளர விட்டு, முழங்கையை மடக்குங்கள். சீட்டிலிருந்து முழங்கைக்கு எவ்வளவு உயரமோ அதுதான் உங்கள் அளவு. அதைவிட அரை அங்குலம் குறைந்தால் பாதகமில்லை, கூடினால் தோள் தூக்கும். துளை போடுவதற்கு முன், மடித்த பெட்ஷீட்டை அந்த உயரத்துக்கு வைத்து, வண்டி நிற்கும்போதே கையை வைத்துப் பாருங்கள். இரண்டாம் கியருக்கும் நான்காம் கியருக்கும் இழுக்கும்போது முழங்கை பின்னால் வரும். அப்போது இடித்தால் அந்த அமைப்பு உங்களுக்கு ஆகாது. ஹேண்ட் பிரேக்கை முழுக்கத் தூக்கவும், ஃபோர் வீல் லீவரைப் போடவும் தடையில்லையா என்றும் பாருங்கள்.

மென்மை பற்றி உங்கள் எண்ணம் சரியில்லை. ரொம்ப மெத்தென்ற ஃபோம் ஒரு மாதத்தில் அமுங்கி, முழங்கை கீழே உள்ள பிளாஸ்டிக்கில் போய் நிற்கும். கெட்டி ஃபோம் மேல் அரை அங்குல மென்மை போதும். அதைவிட முக்கியம், தாங்க வேண்டியது முழங்கை முனையை அல்ல, அதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ள முன்கைச் சதையை. முனை வரும் இடத்தில் ஃபோமைச் சற்றுக் குடைந்து விடச் சொல்லுங்கள், விளிம்பை உருட்டித் தைக்கச் சொல்லுங்கள். ரெக்சினைவிடத் துணி உறை நல்லது, வியர்வையில் வழுக்காது.

இவ்வளவும் செய்த பிறகும், அது நேரான தார்ச்சாலைக்குத்தான். நாமக்கல், சேலம் போகும்போது கையை வைத்துக்கொள்ளுங்கள். காரவள்ளியில் ஏற ஆரம்பித்ததும் மேலே மடக்கிவிட வேண்டும். மடங்காத ஆர்ம்ரெஸ்ட்டை வாங்கவே வாங்காதீர்கள். ஜன்னல் விளிம்பையும் மறந்துவிடுங்கள். கதவின் கைப்பிடி உயரம் சரியாக இருந்தால் அங்கே வலது முன்கையை வைக்கலாம், இல்லையென்றால் மடிதான்.

மண்பாதையில்

இங்கே இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கடிகாரத்தின் 9, 3 நிலையில். கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே கொக்கி போடாமல் வெளிப்பக்கமாகவே வையுங்கள். முன்சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் சட்டென்று சுழன்று கட்டைவிரலைத் திருகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் இது குறையும், ஆனால் அறவே போகாது. கை எதன் மீதும் ஊன்றாமல் இருந்தால்தான் முழங்கையும் தோளும் அந்தக் குலுக்கலை உள்வாங்கும். ஊன்றியிருந்தால் நேராக நரம்புக்குப் போகும்.

முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு போகும் பழக்கம் மலையில் பலருக்கு உண்டு. மரக்கிளையை விடுங்கள், வண்டி சாய்ந்தால் கை முதலில் மாட்டும். பெல்ட் உங்களைச் சீட்டோடு ஒட்ட வைக்கும். "தோட்டத்துக்குள் எதற்கு" என்று கழற்றிவிடாதீர்கள், சரிவில் ஊன்றிக்கொள்ளும் வேலையைக் கைக்குப் பதில் அது செய்யும். டயர் காற்றையும் பாருங்கள். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு மேல் கெட்டியாக அடித்து வைத்திருந்தால் ஒவ்வொரு கல்லும் உங்கள் முதுகெலும்புக்குத் தெரியும். முந்தைய சொந்தக்காரர் பெரிய டயர் மாற்றியிருந்தால் ஸ்டியரிங் கனமாக இருக்கும், அதுவும் தோளுக்குப் பாரம்.

போய் இறங்கியதும் உடனே மிளகு மூட்டையைத் தூக்காதீர்கள். குலுங்கி வந்த முதுகுக்கு ஐந்து பத்து நிமிடம் நடை கொடுங்கள், அப்புறம் தூக்கலாம்.

வெல்டிங்

வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சீட் ரெயிலும் அதன் போல்ட்டும் மோதலின்போது உங்கள் எடையைப் பிடித்து நிறுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டவை. அறுத்து ஒட்டினால் அந்த இடத்து இரும்பின் குணமே மாறிவிடும். தெருவோர வெல்டிங்கின் பலத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை, விபத்துதான் சோதிக்கும். 3 அங்குலம் உயர்ந்தால் பெல்ட் வரும் கோணமும், தலைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியும் மாறும். பெடலும் எட்டாமல் போகும், பழையபடி ஆரம்பத்துக்கே வந்துவிடுவோம்.

சட்டம் என் துறை அல்ல. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது. ஆர்ம்ரெஸ்ட், டெட் பெடல், சீட் ஃபோம் போன்றவை ஆர்.சி. விவரத்தைத் தொடுவதில்லை. சீட் அமைப்பையே அறுப்பது வேறு வகை. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்காமல் அதன் பக்கம் போகாதீர்கள். ஃபோம் மாற்றியும் உயரம் போதவில்லையென்றால், உங்கள் மாடலிலேயே உயரம் மாற்றும் வசதியுள்ள சீட் வந்திருக்கிறதா, அது உங்கள் வண்டியின் அதே போல்ட் துளைகளில் உட்காருமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

விற்றுவிடலாமா?

உங்கள் கணவர் அக்கறையில் சொல்கிறார். ஆட்டோமேட்டிக் வந்தால் கிளட்ச் போய்விடும், சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளலாம், இடது காலுக்கு ஓய்வு. இது உண்மையான லாபம். ஆனால் வேலையில்லாத இடது கை இன்னும் அதிக நேரம் ஆர்ம்ரெஸ்ட்டில்தான் படுத்திருக்கும். உட்காரும் முறை மாறாவிட்டால் லட்சக்கணக்கில் செலவு செய்த பிறகும் விரல் மரக்கும். ஃபோம், டெட் பெடல், சரியான காலணி மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் இப்படி ஓட்டிப் பார்த்து, அதற்குப் பிறகும் இடது முழங்காலோ இடுப்போ கிளட்சால் தொல்லை தந்தால் அப்போது விற்பதைப் பேசலாம். வாங்குவதானால் ஷோரூம் வாசலில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாமல், மலைப்பாதையில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் மேலே கீழே மட்டுமல்ல, முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள். உங்கள் உயரத்துக்கு அந்த ஒரு வசதி ஆட்டோமேட்டிக்கைவிடப் பெரியது.

என்.சி.எஸ். முடிவு வரும்வரை இரண்டு வாரமாவது வண்டியை வேறு யாரிடமாவது கொடுத்து ஓட்டச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் இன்றைக்கே அந்த ஆர்ம்ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டாவது ஓட்டுங்கள். முடிவு வந்ததும் ஒரு படத்தோடு திரும்ப எழுதுங்கள். வலப்பக்கக் கதவைத் திறந்து வைத்து, கிளட்சை முழுக்க மிதித்த நிலையில், தலை முதல் பாதம் வரை பக்கவாட்டில் தெரியும்படி மகனை எடுக்கச் சொல்லுங்கள். முகத்தை மறைத்துவிடலாம், முழங்காலும் முழங்கையும் தெளிவாக இருந்தால் போதும்.